தமிழில் கையொப்பம்

கொல்லம் ஆயிரத்து நூற்று இருபத்தொன்று, இடவ மாதம்.
குழித்துறை முசாவரி பங்களாவின் ஓடு ஒழுகிற்று.
சிப்பாய் டைப்ரைட்டரை நகர்த்தி நகர்த்தி வைத்தான்.
முன்சீப் கோர்ட்டிலிருந்து என்னை இரண்டு நாளைக்கு
இரவல் வாங்கியிருந்தார்கள்,
நாக்கை மட்டும்.

கேப்டனுக்கு மலேரியா. கண்ணெல்லாம் மஞ்சள்.
கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்.
சாட்சிக்கு நாற்காலி போடச் சொன்னார்.
பள்ளியாடி ஏசுவடியான் அதன் நுனியில் உட்கார்ந்தான்,
எந்நேரமும் யாரோ எழுப்பிவிடுவார்கள் என்பதுபோல.

மலாயாவில் பால்வெட்டு. பிறகு சயாம்.
ரயில்பாதை போட ரயிலில்தான் கொண்டுபோனார்கள்,
ஐந்து நாள், நின்றபடி.
அதை நான் மொழிபெயர்த்து முடிக்குமுன்
கேப்டன் கை காட்டினார்: வழக்குக்கு வரச் சொல்.

வழக்கு, இரண்டு வெள்ளைக்காரச் சிப்பாய்கள்.
பெயர், ரெஜிமெண்ட், எண், எல்லாம் தாளில் இருந்தது.
யார் அடித்தது? எதால்? எத்தனை முறை?
"மூங்கிலுவச்சு, சாரே. பெறவு மம்பெட்டிக் கணை.
ரெண்டாமத்தவரு அம்மையக் கூப்பிட்டாரு.
எனக்க காதுல அம்மைன்னுதான் விழுந்துது."
கடைசி வரியைக் கேப்டன் அடிக்க வேண்டாமென்றார்.

"நம்ம ஆளுவளப் பத்திக் கேக்கல்லியா?"
கேட்டேன்.
அது காலரா, என்றார். நோயைக் கூண்டில் ஏற்ற முடியாது.
பிறகு என்ன தோன்றியதோ,
சரி, எத்தனை பேர் என்று கேள்.

"ஆள எண்ணல்ல. குப்பிய எண்ணினேன்.
எரிக்கது எனக்க வேல.
நாலு ஆளுக்கு ஒரு குப்பி மண்ணெண்ண.
எழுவத்தொம்பது குப்பி.
கடைசிக் குப்பி பாதிதான் இருந்துது."

மையொற்றும் தாளின் ஓரத்தில் பெருக்கினேன்.
முந்நூற்றுப் பதினான்கு.
"பிள்ளியளுக்குக் கொறச்சு ஊத்தினேன்.
அத எப்பிடிக் கூட்டுவீரு?"

கேப்டன் பென்சிலைத் தட்டிக்கொண்டிருந்தார்.
இருபது வருஷம், வரப்பு வழக்கில்கூட
ஒன்றரைச் சாணை ஒன்றரைச் சாண் என்றே சொன்னவன் நான்.
'பலர்' என்றேன்.
இங்கிலீஷில் அது இன்னும் சின்ன வார்த்தை.
மழைச் சத்தத்தில், டைப்ரைட்டர் அதை அடித்ததுகூட
எனக்குக் கேட்கவில்லை.

பெருவிரலுக்கு மைப்பெட்டியைத் தள்ளினான் சிப்பாய்.
எழுதத் தெரியும் என்றான் ஏசுவடியான். மிஷன் பள்ளி, மூன்றாம் வகுப்பு.
பால்வெட்டுக் கத்தியைப் பிடிப்பதுபோலப் பேனாவைப் பிடித்து
சாய்த்து இழுத்தான்:
காத்தமுத்து
உதுமான்
வள்ளியாயி
வள்ளியாயி கைப்பிள்ளை
கங்காணி ராக்கப்பன் (அவனுந்தான்)
செவிட்டு மாடசாமி
புள்ளிக்கோடு தீர்ந்தது. எழுத்து ஓரத்தில் திரும்பி
தாளின் மேல்நோக்கி ஏறிற்று.

நீளமான பெயர், என்றார் கேப்டன்.
ஆமாம், என்றேன். வீட்டுப்பெயர், அப்பன் பெயர், அவனுக்கப்பன் பெயர்,
எல்லாம் சேர்த்து எழுதுவது இந்தப் பக்கத்து வழக்கம்.
அன்றைக்கு நான் சொன்ன இரண்டாவது பொய்.
அவர் வாயால் ஊதி மையை உலர்த்தினார்,
பொறுமையாக, ஒவ்வொரு எழுத்தாக.

மறு வருஷம் தட்டச்சுப் பிரதி ஒன்று கோர்ட்டுக்கு வந்தது,
தீர்ப்பும் கூடவே. அடித்த சார்ஜண்டுக்குத் தூக்கு.
வாக்குமூலத்தின் அடியில், பெயர்கள் இருந்த இடத்தில்,
இரண்டு சொல்:
கையொப்பம், தமிழில்.

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை பள்ளியாடிக்கு நடந்தேன்.
ஏசுவடியான் மரச்சீனிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான்.
பிரதியைப் பற்றிச் சொல்லவில்லை. தூக்கைச் சொன்னேன்.
மண்வெட்டியை ஊன்றி நின்றான்.
"ரெண்டு ஆளுக்கு ஒரு கயிறு," என்றான்,
கடையில் விலை கேட்டுக்கொண்டவனைப்போல.
பிறகு குனிந்து, அடுத்த மூட்டுக்கு
மண்ணை இழுத்தான்.